ஐயா, ஜேயா?

ஒரு எழுத்துல தப்பே இல்லாம, அந்த எழுத்துக்காக ரெண்டு வாரம் பேச்சு வாங்குனவன் நான். இப்ப குஜராத்துல, வாபியில மாத்திரை டப்பாவுக்கு லேபிள் டிசைன் போடுறேன். இங்க தமிழ்ல சொன்னா கேக்க ஆள் கெடையாது. அதான் எழுதுறேன்.

அப்ப சிவகாசியில முத்துக்கிருஷ்ணன் மொதலாளியோட ஆப்செட் பிரஸ்ல இருந்தேன். பட்டாசு டப்பா லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் கம்ப்யூட்டர்ல அடிச்சு அடுக்கிக் குடுக்குறது நான்தான். பேரு அன்பரசன். பிரஸ்ல அன்பு.

எங்கிட்ட ஒரு இங்கிலீசு ஃபாண்டு இருந்துச்சு. அதோட நெசப் பேரு வாயில நுழையாது. வலது பக்கமா சாஞ்சு நிக்கிறதால எல்லாரும் 'சாஞ்சாடி'ம்போம். அத எப்படிச் சொல்ல? நேரா நிக்கிற எழுத்தப் புடிச்சுத் தள்ளி விட்டு சாச்சது இல்ல அது. சாயுறதுக்குன்னே ஒருத்தன் உக்காந்து தனியா வரஞ்சது. எறங்குற கோடு தடிமனா வரும், ஏறுற கோடு தலைமுடி கணக்கா மெலிஞ்சிரும். ஒவ்வொரு எழுத்து நுனியிலயும் பூனை நகம் மாதிரி ஒரு சின்னக் கூர் இருக்கும். சின்ன எஃப்போட வால் கோட்டுக்குக் கீழ எறங்கி, தண்ணியில கால் விட்ட மாதிரி ஆடும். ரெண்டு பேருக்கு நடுவுல போடுற அந்த 'அண்ட்' குறி இருக்கே, அத மட்டும் பெருசாக்கி வச்சு நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.

ஆனா எல்லாத்துக்கும் ஆகாது. பெருசா, கொஞ்சமா, ரெண்டு மூணு வார்த்தை வர்ற எடத்துக்குத்தான் அது. பத்திரிகை அட்டை, பட்டுச் சேலை டப்பா, ஸ்வீட் ஸ்டால் பை. அம்புட்டுதான். இத நான் சொன்னா யாரு கேக்குறாக? சங்கரபாண்டியன் அண்ணாச்சின்னு ஒரு பட்டாசு கம்பெனிக்காரரு. புஸ்வாணம் டப்பாவுக்குப் பின்னாடி இருக்குற எச்சரிக்கை வரி பூராத்தையும் சாஞ்சாடியில போடச் சொன்னாரு.

"அண்ணாச்சி, அத எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள வெடிச்சிரும்"னேன்.

"புஸ்வாணம் எங்கலே வெடிக்கும்? போடுங்கறேன்"னாரு.

போட்டேன். வேற என்ன செய்ய? இன்னொருத்தர் தமிழையும் அதே மாதிரி சாச்சுத் தரச் சொன்னாரு. எங்கிட்ட இருந்த தமிழ் ஃபாண்டு எதுலயும் அப்படித் தனியா வரஞ்சது கெடையாது. கம்ப்யூட்டர் பட்டன அமுக்குனா சாயும். ஆனா ழ-வப் பாத்தீகன்னா சேத்துல வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும். அதையும் அச்சடிச்சு, பாக்கு வச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாக.

இப்படி இருக்கையிலதான் ஆடி மாசக் கடைசியில ஓவியாவும் அவ அம்மா இருளம்மாளும் பிரஸ்சுக்கு வந்தாக. ஆவணியில கல்யாணம்.

பட்டாசு கம்பெனிய எங்க பக்கம் 'பயராபீசு'ம்போம். இருளம்மாக்கா ஆனைக்குட்டத்துல இருந்து தெனம் பயராபீசு வேன்ல போய் சரவெடி பின்னுற ஆளு. வெரல் நுனியெல்லாம் வெள்ளி மருந்து ஏறி, கழுவுனாலும் போகாத சாம்பல் கலர்ல இருக்கும். ஓவியா சூலக்கரையில கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு எடத்துல கம்ப்யூட்டர் டைப்பிங் வேலை. ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி, கோவமும் ஒரே மாதிரின்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

உள்பக்கம் தமிழ்ல வழக்கமா போடுறது. அதுல பிரச்சனை இல்ல. முன் அட்டையில இங்கிலீசுல மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் பெருசா வரணும். சாஞ்சாடியில கதிரவன், அண்ட், ஓவியான்னு போட்டுக் காட்டுனேன். ஓவியாவுக்குக் கண்ணு விரிஞ்சிருச்சு.

"அண்ணே, சூப்பரா இருக்கு. இனிஷியல் மட்டும் சேத்துருங்க."

"முன் அட்டையில இனிஷியல் எதுக்கும்மா? பேரு மட்டும் இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

"இல்லண்ணே. கண்டிப்பா வேணும். ஐ. ஓவியா. அம்மா எழுத்து."

அப்பறம் அவளே சொன்னா. பள்ளிக்கூடத்துல அவ ஜே. ஓவியா. அப்பா பேரு ஜெயபாண்டி. இவளுக்கு நாலு வயசு இருக்கும்போது இன்னொரு குடும்பத்தத் தேடிப் போயிட்டாரு. வேலைக்குச் சேந்ததும் மொத வேலையா, ரெண்டு வருசம் ஆபீஸ் ஆபீஸா அலஞ்சு, ஜே-வத் தூக்கிட்டு அம்மாவோட ஐ-யக் கெசட்ல மாத்தியிருக்கா. "கல்யாணத்துல எங்கம்மாதான் தனியா நின்னு என்னையத் தாரை வாத்துக் குடுக்கும். மாப்பிள்ளை வீட்டுலயும் பேசியாச்சு. பத்திரிகையப் பாத்ததுமே அது தெரியணும்"னா.

சரின்னு முன்னால ஐ-யப் போட்டேன். சாஞ்சாடியில பெரிய ஐ எப்படி இருக்கும்னா, மேல எடது பக்கம் ஒரு சுழி. அப்பறம் இடுப்பு லேசா வளஞ்சு எறங்கும். அடியில எடது பக்கமா ஒரு வால். பேரு முன்னால அது வந்து நின்னதும் அட்டையே நெறஞ்சு போச்சு. சந்தோசமா, சரி பாக்க ஒரு ப்ரூஃப் எடுத்துக் குடுத்தேன்.

"யக்கா, நீங்களும் ஒருக்கப் பாத்துக்கோங்க."

"எனக்கு இங்கிலீசு தெரியாதுய்யா"னு சொல்லிக்கிட்டே அக்கா தாள வாங்குனாக. "ஒரே ஒரு எழுத்து தெரியும். எம் பேரு எழுத்து. இவ சொல்லிக் குடுத்தா. கம்பு கணக்கா நேரா நிக்கும், மேல ஒரு குச்சி, கீழ ஒரு குச்சி." தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. "அத எங்க இதுல காணோம்?"

"இந்தா, இதுதான்க்கா."

"இதா? இது மீன் புடிக்கிற தூண்டி முள்ளுல்லய்யா?"

ஓவியா சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

"சாஞ்சாத்தான்க்கா அழகு."

"நிக்க வேண்டியத ஏன்யா சாய்க்கிறீக?"

டிசைன் தெரியாதவக ஏதோ சொல்லுறாகன்னு விட்டுட்டேன். அக்கா ப்ரூஃப்ல தமிழ்ல கையெழுத்துப் போட்டாக. மூணு நாள்ல அட்டை அடிச்சுக் கட்டிக் குடுத்தாச்சு. மொதப் பத்திரிகைய இருக்கன்குடி மாரியம்மன் காலடியில வச்சிட்டு, மிச்சத்தக் குடுக்க ஆரம்பிச்சாக. முன் அட்டைய மட்டும் ஓவியா போட்டோ எடுத்து வாட்ஸாப்புலயும் போட்டுட்டா.

பத்து நாள் கழிச்சு, மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்தா, பிரஸ் வாசல்ல ஒருத்தரு. அம்பது வயசு இருக்கும். தோள்ல துண்டு, கையில கண்ணாடி ஒடஞ்ச செல்போன்.

"தம்பி, இந்தப் பத்திரிகை இங்கன அடிச்சதுதான?"

படத்தப் பாத்தேன். என் அட்டைதான். "ஆமாண்ணே."

"எனக்கு ஒரு அம்பது அடிச்சுக் குடுங்க. எங்க பக்கத்து ஆளுகளுக்குக் குடுக்கணும்ல?"

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"பெத்த அப்பன்"னாரு. "ஜெயபாண்டி. சாத்தூர் லாரி செட்ல லோடு ஏத்துறேன்." போன எம் மூஞ்சிக்கு நேராக் கொண்டாந்தாரு. "பாத்தியா? எம் மக எம் எழுத்தப் போட்டுருக்கா. ஜே. ஓவியா. நாலு வயசுல விட்டுட்டுப் போனவன் தம்பி நான். செருப்பால அடிச்சாலும் தகும். அவ எழுத்தப் போட்டுருக்கா பாரு."

நான் படத்த இன்னொருக்கப் பாத்தேன்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அது ஜே இல்ல. ஐ."

"என்னது?"

"ஐ. இருளம்மாங்கிறதுக்குப் போட்ட ஐ."

"ஏலே, நான் எட்டாப்பு படிச்சவன்லே. எனக்கு ஜே தெரியாதா?"

உள்ள கூட்டிட்டுப் போய் ஸ்கிரீன்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பெருசா அடிச்சுக் காட்டுனேன். "இந்தா பாருங்க, இது ஐ. வால் கோட்டோட நின்னுருது. இது ஜே. வால் கோட்டுக்குக் கீழ எறங்குது, நுனியில ஒரு பொட்டு இருக்கு பாருங்க."

அவரு குனிஞ்சு ரொம்ப நேரம் பாத்தாரு. "ரெண்டும் கூடப் பொறந்த மாதிரில்ல இருக்கு"னாரு. அப்பறம் நிமிந்து, "எதுக்கு எதப் போட்டான்னு எம் மகளுக்குத் தெரியும். நீ யார்லே நடுவுல?"னு கேட்டாரு. "நான் பழத்தட்டோட சம்மந்தி வீட்டுக்கே போய் வந்துட்டேன். அவுக பத்திரிகையப் பாத்துட்டு, வாங்க சம்மந்தின்னு காப்பி குடுத்தாக."

போயிட்டாரு. நான் அந்த ரெண்டு எழுத்தையும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எனக்கு இம்புட்டுத் தெளிவாத் தெரியிற வித்தியாசம்.

மறுநா ஓவியா வந்துட்டா, அம்மாவையும் இழுத்துக்கிட்டு. வண்டிய ஸ்டாண்டு போடல, சாயப் போட்டுட்டே உள்ள வந்தா.

"என்னண்ணே செஞ்சு வச்சிருக்கீக? மாமா ஒரே புடியா நிக்கிறாக." மாமான்னா கதிரவனோட அப்பா செல்லச்சாமி. தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்புள்ளை. அச்சுல வந்தது பொய் சொல்லாதுங்கிற ஆளு. "உள்ள அம்மா பேரு மட்டும் இருந்தாலும், முன்னால நீங்களே அப்பா எழுத்தப் போட்டு பத்திரிகை அடிச்சிட்டு, அப்பன் வேணாம்னா எப்படிம்மா, ரெண்டு பேரும் சேந்து நின்னுதான் தாரை வாக்கணும்ங்கிறாக. நான் ஐ-ன்னு சொன்னா சிரிக்கிறாக."

"ஓவியா, அது ஐதான். நூத்துக்கு நூறு ஐ."

"நீங்க நூத்துக்கு நூறு வாங்கி என்னண்ணே புண்ணியம்? படிக்கிறவன் பூரா ஃபெயிலாகுறான்ல?"

எனக்குச் சுர்ருன்னு வந்துருச்சு. பைண்டிங்ல இருந்த வெள்ளைத்தாயக் கூப்பிட்டேன். பன்னெண்டாப்பு படிச்ச பிள்ளை. அட்டையக் காட்டி, "இது என்ன எழுத்து?"

"ஜே."

"நல்லாப் பாரு தாயி."

"ஜேதாண்ணே. ஏன், எழுதுனவனுக்கே மறந்து போச்சா?"

மெஷின் ஓட்டுறவரு ஜே-ன்னாரு. லோடு எடுக்க வந்த டிரைவரு ஜே-ன்னாரு. முத்துக்கிருஷ்ணன் மொதலாளி கண்ணாடியப் போட்டுப் பாத்து, "ஜே"ன்னு ஆரம்பிச்சு, என் மூஞ்சியப் பாத்ததும், "ஐ"ன்னு முடிச்சாரு.

"மொதலாளி, வேற அட்டை அடிச்சுக் குடுத்துருவோமா?"

"தப்பு நம்ம மேல இருக்கா?"

"இல்ல மொதலாளி. எழுத்து சரியாத்தான் இருக்கு."

"அப்ப என்ன ரீபிரிண்ட்டு? தீவாளி சீசன்லே. லேபிள் லோடு வாசல் வரைக்கும் நிக்கி. மெஷின ஒரு மணி நேரம் நிறுத்துனா எம் பொண்டாட்டி என்னைய நிறுத்திருவா." ப்ரூஃப எடுத்து நீட்டுனாரு. "கையெழுத்து போட்டுருக்காகல்ல?"

அப்பத்தான் இருளம்மாக்கா வாயத் தொறந்தாக. "நான் போட்டதுதான்யா. எனக்குத் தெரிஞ்ச ஒத்த எழுத்து அது. அதுலயும் எனக்கு அடையாளம் தெரியல. இவுக படிச்சவுக, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

அவுகள ஒக்கார வச்சிட்டு கம்ப்யூட்டர்ல போராடுனேன். வேற ஒண்ணும் இல்லாட்டியும் வாட்ஸாப்புப் படத்தையாவது மாத்திரலாம்ல. நேரா நிக்கிற ஐ-யக் கொண்டாந்து முன்னால வச்சேன். கரகாட்டத்துக்கு நடுவுல கரண்டுக் கம்பம் நட்ட மாதிரி இருந்துச்சு. ஓவியாவே, "அய்ய, இது என்ன ஒண்ணாம் நம்பர் மாதிரி"ன்னா. வால வெட்டிப் பாத்தேன். ஏழு மாதிரி ஆயிருச்சு. சுழிய எடுத்தேன், முழுசா ஜே-யே ஆயிருச்சு. ஃபாண்டையே மாத்தி நேர் எழுத்துல பூராத்தையும் போட்டேன். பாத்தா ரேஷன் கார்டு. ஒவ்வொண்ணுக்கும் வெள்ளைத்தாயக் கூப்பிட்டு "இது என்ன, இது என்ன"ன்னு கேட்டு, கடைசியில அவ, "அண்ணே, எனக்கு ஐ-யே மறந்துரும் போல, விடுங்க"ன்னு ஓடிட்டா.

எனக்கு யாரு மேல கோவம்னே தெரியல. வரஞ்சவன் மேலயா? அவன் ஊர்ல பேருக்கு முன்னால ஒத்த எழுத்து நின்னு, அதுதான் அப்பன் ஆத்தாளுக்கு அடையாளம்னு அவனுக்கு யாரு சொன்னா? படிக்கிறவுக மேலயா? அந்தப் பிள்ளை இருபது வருசமா ஜே. ஓவியாதான். ஊருக்கு அதுதான் கண்ணுல பழகியிருக்கு. வளஞ்சு ஒரு கோட்டப் பாத்தா ஜே-ன்னுதான் வாய் வரும். கெசட் எல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?

"எழுத்தே வேணாம்"னா ஓவியா திடீர்னு. "எங்கம்மா பேர முழுசா அடிங்க."

"முழுசாவா?"

"இருளம்மாள் ஓவியா. எவன் என்ன சொல்றான்னு பாத்துர்றேன்."

"ஏய், எம் பேரு எதுக்குடி அம்புட்டுப் பெருசா? ஊரே படிக்குமே"ன்னு அக்கா பதறுனாக.

"படிக்கட்டும்."

சாஞ்சாடியிலயே அடிச்சேன். எனக்கு உள்ளுக்குள்ள பயம், மறுபடியும் அதே ஐதான் முன்னால நிக்கிது. வெள்ளைத்தாயக் கெஞ்சிக் கூட்டியாந்து காட்டுனேன்.

"இருளம்மாள் ஓவியா"ன்னா, மூச்சு விடாம. "இதுல என்ன இருக்கு?"

அதே எழுத்து. சுழியில, வால்ல ஒரு மயிரிழை நான் மாத்தல. ஒத்தையா நின்னப்ப எல்லாரும் ஜே-ன்னாக. பக்கத்துல பேரோட மிச்ச எழுத்து, ஆர், யூன்னு வந்து நின்னதும் கேள்வியே இல்லாம ஐ ஆயிருச்சு. பத்து வருசமா ஃபாண்டு ஃபாண்டுன்னு பேசுறவன், இத நான் மொத நாளே யோசிச்சிருக்கணும். அந்த எரிச்சல் இன்னிக்கும் போகல.

அச்சடிக்க மெஷின் வேணுமே. லேபிள் அடிக்கிற பெரிய தாள்ல டப்பா அளவுக்கு லேபிள அடுக்குனது போக, ஓரத்துல ஒரு விரக்கடை எடம் வீணாப் போகும். வெட்டிக் குப்பையில போடுறது. மறுநா ஏறப்போன சங்கரபாண்டியன் அண்ணாச்சியோட புஸ்வாணம் லேபிள் தாள்ல, அந்த ஓரத்துல, நீள நீளமா இந்தப் பேர நட்டு விட்டேன். தாள் மெஷின்ல இருந்து வெளிய வரும்போது மொதலாளி பாத்தாரு. ஓரத்தப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு.

"புஸ்வாணத்துக்கு எப்பலே கல்யாணம்?"னு மட்டும் கேட்டுட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கிழமை பயராபீசு லீவு. வெட்டுன பட்டிகளத் தூக்கிக்கிட்டு ஆனைக்குட்டம் போனேன். அக்கா கூட வேலை பாக்குற பொம்பளைக நாலு பேரு வந்து, மைதாப் பசை காய்ச்சி வச்சு, குடுக்காம மிச்சமிருந்த அட்டையில பழைய பேரு மேல புதுப் பேர ஒட்ட ஆரம்பிச்சாக. ஸ்கேலும் இல்ல, பென்சில் கோடும் இல்ல. ஒரு வெரல்ல பசை, ஒரு வெரல்ல பட்டி, உள்ளங்கையால ஒரு தடவு. நூல் புடிச்ச மாதிரி நிக்கிது. நான் ஒண்ணு ஒட்டுறதுக்குள்ள ஆவுடைத்தாய்னு ஒரு அக்கா ஆறு ஒட்டிட்டாக.

"டிசைனரே, கோணலா ஒட்டுறீக. அதுவும் டிசைனா?"

"அவுகளுக்கு எல்லாம் சாஞ்சுதான் இருக்கணும், ஆவுடை. விடு"ன்னாக இருளம்மாக்கா.

எல்லாரும் சிரிச்சாக. நான் கையத் தொடச்சிட்டு ஓரமா உக்காந்துட்டேன்.

ஏற்கனவே குடுத்த வீடுகளுக்கு ஓவியா புதுப் படத்த அனுப்புனா. செல்லச்சாமி மாமாவுக்கு மட்டும் நேர்லயே போய் புது அட்டையக் குடுத்தா. அவரு வெளிச்சத்துல புடிச்சு ரெண்டு தடவ படிச்சிட்டு, "இருளம்மாள் ஓவியா. ம். அச்சுல இப்படி இருக்கு, அப்ப இப்படியே நடக்கட்டும்"னுட்டாராம். ஓவியா போன்ல சொன்னா. நான் அன்னிக்குத்தான் ஒழுங்காச் சாப்பிட்டேன்.

கல்யாணம் இருக்கன்குடி கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்துல. காலையில எட்டு மணிக்கு பஸ்ஸ விட்டு எறங்கி நடந்தேன். தூரத்துலயே தெரிஞ்சிருச்சு.

மண்டப வாசல்ல, இருபதடி பேனரு. கதிரவனோட கூட்டாளிக வச்சது. மாப்பிள்ளை படம், பொண்ணு படம், கீழ கூட்டாளிக மூஞ்சியெல்லாம் வரிசையா. பேரு இங்கிலீசுல. எந்தக் கடையிலயோ பழைய வாட்ஸாப்புப் படத்தக் குடுத்திருக்கானுக. அந்தக் கடைக்காரன் படிச்சுப் பாத்து, அவனா அடிச்சிருக்கான். தடித் தடியா, நட்டுக்க நிக்கிற செவப்பு எழுத்து, சுத்தி மஞ்சக் கோடு.

ஜே. ஓவியா.

இத யாராலயும் ஐ-ன்னு சொல்ல முடியாது. என்னால கூட.

பேனருக்குக் கீழ ஜெயபாண்டி அண்ணன் வெள்ளை வேட்டி, புதுச் சட்டையில நின்னுக்கிட்டிருக்காரு. யாரோ ஒரு பையன் அவர போட்டோ எடுக்குறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பேனரக் கடிச்சே கிழிச்சிருப்பேன். ஓடிப் போய் அவரத் தாண்டி கயித்துல கைய வச்சேன். அதுக்குள்ள உள்ள இருந்து செல்லச்சாமி மாமா வந்துட்டாரு. பின்னாலயே இருளம்மாக்கா, பட்டுச் சேலையில.

மாமா அண்ணாந்து பாத்தாரு. "என்னம்மா இது? பத்திரிகையில ஒண்ணு, பேனர்ல ஒண்ணு? எதத்தான் நான் நம்ப? இம்புட்டுப் பெருசா ஜே போட்டுருக்கே?"

அக்கா எம் பக்கம் திரும்புனாக. "தம்பி, இது ஜேதானா? இல்ல, இதுவும் சாஞ்சது சரிஞ்சதுன்னு எதாவது சொல்லுவீகளா?"

"இல்லக்கா. இது ஜேதான்."

"அப்ப சோலி சுலுவு. அவுத்து எறக்குங்க. பொண்ணு வண்டி வர்றதுக்குள்ள."

"கல்யாண வாசல்ல பேனர எறக்குனா நல்லாவாம்மா இருக்கும்?"ன்னாரு மாமா.

"சம்மந்தி, லேபிள் மாத்தி ஒட்டுன டப்பாவ எங்க பயராபீசுல லோடு ஏத்த மாட்டாக. உங்க தீப்பெட்டி ஆபீசுல ஏத்துவீகளா?"

மாமா இன்னொருக்க அண்ணாந்து பாத்துட்டு, "ஏத்த மாட்டோம்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

நான் முடிச்ச அவுக்கப் பாக்குறேன், முடியல. சவுக்குக் கம்புல கயித்தப் போட்டு இறுக்கி வச்சிருக்கானுக. நகம் ஒடஞ்சதுதான் மிச்சம். ஜெயபாண்டி அண்ணன் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்பறம் பக்கத்துல வந்து, "தள்ளு தம்பி, இப்படி இழுத்தா இன்னும்தான் இறுகும்"னாரு. லோடு ஏத்துற கை. ஒரு சுண்டு சுண்டுனாரு, முடிச்சு தானா விட்டுருச்சு. நாலு முடிச்சையும் அவரே அவுத்தாரு. பேனர் சரிஞ்சு எங்க ரெண்டு பேரு தலை மேலயும் விழுந்துச்சு. உள்ளுக்குள்ள இருந்து அவரு மொகத்தப் பாத்தேன். செவப்பு வெளிச்சமா இருந்துச்சு.

வெளிய வந்து, அத சுருட்டி தோள்ல வச்சுக்கிட்டு அக்கா முன்னால நின்னாரு.

"இருளு, இத நான் எடுத்துக்கிறட்டுமா? வீட்டுக் கூரை ஒழுகுது."

அக்கா அவர ஏற எறங்கப் பாத்தாக. "எடுத்துக்க. எழுத்து வெளிய தெரியாம உள்பக்கமாப் போட்டுக்க."

"உள்பக்கமாத்தான் போடுவேன்"னாரு அவரு. "படுத்தா தெரியும்ல?"

அக்காவுக்கு வாய் ஒரு பக்கம் கோணுச்சு. சிரிப்பா, வேற எதாவதான்னு எனக்குப் புரியல. "சாப்பிடாமப் போயிறாத"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாக.

தாரை வாக்கக் கூப்பிட்டப்ப அக்கா ஒத்தையாப் போய் நின்னாக. சாம்பல் கலர் வெரலு பத்தும் சேந்து செம்பப் புடிச்சிருந்துச்சு. செல்லச்சாமி மாமா எதுத்தாப்புல கையேந்தி நின்னாரு. ஜெயபாண்டி அண்ணன் அந்தப் பக்கமே வரல. மொதப் பந்தியில, கடைசி எலையில உக்காந்து சாப்பிட்டாரு, பேனர் சுருள ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு.